டச் விட்டுப்போன புரோகிராமிங்: எந்தப் பயிற்சியை எங்கே தேடுவது?

நாலைந்து வருடம் புரோகிராம் கோடு எழுதாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் முதலில் தேடுவது, பயிற்சிக் கணக்குகள் எங்கே கிடைக்கும் என்று. தேடினால் எல்லாப் பட்டியலிலும் லீட்கோட் என்ற புரோகிராமிங் புதிர்த் தளம்தான் முதலில் நிற்கும். போய் உட்காருவார்கள். முதல் இரண்டு கணக்கு எப்படியோ வந்துவிடும். 'மீடியம்' என்று போட்டிருப்பதைத் தொட்டதும் மண்டை காய்ந்துவிடும். ஒரு வாரத்தில் மூடி வைத்துவிட்டு, "எல்லாம் மறந்துபோச்சு, இனிமே வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எல்லாம் மறந்திருக்காது. சப்போர்ட் வேலைக்குப் போனவர், மேனுவல் டெஸ்டிங்கில் மாட்டிக்கொண்டவர், டீம் லீடாகி எக்செல் ஷீட்டோடு காலம் தள்ளியவர், குழந்தைக்காக வேலையை விட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் விட்டுப்போனது ஒவ்வொன்று. ஒருவருக்கு லாஜிக் பளிச்சென்று தெரியும், லூப் எழுதும் விதம் மட்டும் மறந்திருக்கும். இன்னொருவருக்கு மொழி நினைவிருக்கும், வெள்ளைத் திரையைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி எப்படிப் பொருந்தும்? பயிற்சிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே. நமக்கு எது விட்டுப்போனதோ அதைத் தொடும் பயிற்சியைப் பிடிப்பதுதான் வேலை.

முதலில் ஒரு மணி நேரச் சோதனை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எடிட்டரில் காலியான ஒரு ஃபைலைத் திறந்துகொள்ளுங்கள். கோபைலட் மாதிரி ஏஐ பரிந்துரைகள் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். மொழியின் அதிகாரபூர்வ டாக்குமென்டேஷன் மட்டும் பக்கத்தில் இருக்கலாம். எழுத வேண்டிய புரோகிராம் இது: ஒரு டெக்ஸ்ட் ஃபைலைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, அதிகம் வந்த பத்துச் சொற்களை எண்ணிக்கையோடு காட்ட வேண்டும்.

இதில் பெரிய அல்காரிதம் எதுவும் இல்லை. ஆனால் அன்றாட வேலைக்கு வேண்டிய பாதி இதற்குள் வந்துவிடுகிறது: ஃபைல் திறப்பது, வரியைச் சொற்களாகப் பிரிப்பது, டிக்ஷனரியில் எண்ணுவது, எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துவது, கடைசியில் ஒழுங்காக அச்சிடுவது. பைத்தானில் பத்துப் பதினைந்து வரி, ஜாவாவில் கொஞ்சம் கூட. முடித்தீர்களா இல்லையா என்பதைவிட எங்கே நின்றீர்கள் என்பதுதான் முக்கியம். நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.

புரோகிராமை ஓட வைப்பதற்கே அரை மணி நேரம் போயிற்று என்றால், விட்டுப்போனது கருவிகள். "இதை டிக்ஷனரியில் போட வேண்டும் என்று தெரிகிறது, எப்படி எழுதுவது என்றுதான் மறந்துவிட்டது" என்றால், மொழி. மொழி தெரிந்தும் முதல் வரி வரவில்லை என்றால், கணக்கை உடைத்துப் பார்க்கும் பழக்கம். எழுதி முடித்தபின் வந்த எர்ரரைப் பார்த்துத் திகைத்து நின்றீர்கள் என்றால், பிழை தேடும் பழக்கம். பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். பரவாயில்லை, எது அதிகம் என்று தெரிந்தால் போதும்.

எங்கும் நிற்காமல் முடித்துவிட்டீர்களா? உங்களுக்குப் பயிற்சித் தளமே தேவைப்படாமல் போகலாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கல்லூரியில் டர்போ சி-யின் நீலத் திரையில் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த நினைவில் மறுபடி டர்போ சி-யைத் தேடி இறக்கிக்கொண்டிருக்காதீர்கள். அது சி மொழி தர வரையறை பெறுவதற்கு முந்தைய காலத்திலிருந்து வந்தது. கோனியோ ஹெடரும் கிளியர் ஸ்கிரீனும் இன்றைய கம்பைலர்கள் பலவற்றில் வேலைக்கு ஆகாது. ஜிசிசி-யையோ கிளாங்கையோ போட்டுக்கொள்ளுங்கள்.

பைத்தான் 2 எழுதியவர்களுக்கு: அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம், எண்களை வகுத்தால் தசமத்தில் விடை வரும். இந்த இரண்டும்தான் முதலில் காலை வாரும். ஜாவாஸ்கிரிப்டை 2015-க்கு முன் விட்டவர்கள் லெட், கான்ஸ்ட், ஏரோ ஃபங்ஷன் மூன்றையும் பார்த்துக்கொண்டால் இன்றைய கோடு பாதி புரிந்துவிடும். ஜாவாக்காரர்களுக்கு 2014-இல் வந்த எட்டாம் பதிப்பின் லாம்டாவும் ஸ்ட்ரீமும்தான் பெரிய எல்லைக்கோடு. அதற்கு முன்னால் நின்றுவிட்டவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

புதிய மொழி கற்கும் ஆசை இப்போது வேண்டாம். பழைய மொழியிலேயே கையைப் பழக்குங்கள். மறந்ததைத் திரும்பப் பிடிப்பதும் புதிதாகக் கற்பதும் ஒரே நேரத்தில் நடந்தால், எதில் தடுமாறுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

மொழி மறந்தவர்களுக்கு

மிகச் சிறிய கணக்குகளாக நிறையப் போட வேண்டும் என்றால் கோடிங்பேட். ஸ்டான்ஃபோர்டில் கற்பிக்கும் நிக் பார்லாண்டே உருவாக்கியது. ஜாவா, பைத்தான் இரண்டு மட்டும். ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன், ஐந்து பத்து நிமிடம். முதல் கணக்கு இப்படி இருக்கும்: இன்று வேலை நாளா, நாம் விடுமுறையில் இருக்கிறோமா என்று இரண்டு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) மதிப்புகள் வரும், தூங்கிக்கொண்டே இருக்கலாமா என்று சொல்ல வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 'நாட்', 'ஆர்' இரண்டையும் தயங்காமல் எழுத வருகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கம் பார்க்க அந்தக் காலத்து வலைத்தளம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். கணக்கு இல்லாமலே, அதாவது லாகின் செய்யாமலே, போய் எழுத ஆரம்பிக்கலாம்.

என் முதல் பரிந்துரை எக்ஸர்சிஸம். கேட்ரினா ஓவன் 2013-இல் தொடங்கியது, லாப நோக்கமில்லாத அமைப்பு, 70-க்கும் மேற்பட்ட மொழிகள், முழுக்க இலவசம். பிரவுசரிலேயே எழுதலாம், அல்லது அவர்களுடைய கமாண்ட் லைன் கருவியை நிறுவி, கணக்கை நம் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு எழுதலாம். இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஃபைல், ஃபோல்டர், டெர்மினல், டெஸ்ட் ஓட்டுவது என்று கருவிப் பழக்கமும் கூடவே திரும்பிவிடும்.

ஒவ்வொரு கணக்கோடும் டெஸ்ட் ஃபைல் ஒன்று வரும். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அதில் எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 'லீப்' என்ற கணக்கு. ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா என்று சொல்ல வேண்டும். 4-ஆல் வகுபட்டால் லீப். ஆனால் 100-ஆல் வகுபட்டால் இல்லை. 400-ஆலும் வகுபட்டால் மறுபடி லீப். 1996 லீப், 1900 இல்லை, 2000 லீப்.

டச் விட்டுப்போனவர்கள் இதற்கு எழுதும் முதல் விடை அநேகமாக இப்படி இருக்கும்: ஒரு இஃப்-க்குள் இன்னொரு இஃப், அதற்குள் மூன்றாவது, ஒவ்வொரு எல்ஸிலும் ஃபால்ஸ் ரிட்டர்ன். டெஸ்ட் எல்லாம் பச்சையாகிவிடும். இங்கேயே அடுத்த கணக்குக்கு ஓடிவிடாதீர்கள். சமர்ப்பித்த பிறகு மற்றவர்கள் எழுதிய விடைகள் திறக்கும், நாலைந்தைப் படியுங்கள். ஒருவர் மூன்று நிபந்தனைகளையும் ஒரே பூலியன் வரியாக எழுதி அதையே ரிட்டர்ன் செய்திருப்பார். "நிபந்தனை சரியென்றால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ்" என்று நாம் எழுதிய நான்கு வரிகள் ஏன் தேவையில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அந்த நிபந்தனையே ட்ரூ அல்லது ஃபால்ஸ்தானே! இன்னொருவர் மொழியோடு வரும் காலண்டர் லைப்ரரியைக் கூப்பிட்டு வேலையை முடித்திருப்பார். ஆபீஸில் அதுதான் சரி. பயிற்சியில் அப்படி எழுதினால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரே கணக்கில் இந்த மூன்று கோணமும் கிடைப்பதால்தான் எக்ஸர்சிஸத்தை முதலில் வைத்தேன்.

அங்கே தன்னார்வ வழிகாட்டிகளும் உண்டு. நம் விடையைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். பதில் வரச் சில நாள் ஆகலாம், பொறுமை வேண்டும். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்பட்டு இதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடுதான் பேசும், நாம் இரண்டு வரி கேட்டால் போதும். அப்புறம், சில மொழிகளில் 'லேர்னிங் மோட்' என்று பாடம் பாடமாகத் திறக்கும் முறை இருக்கும். அடிப்படை தெரிந்தவர்களுக்கு அது இழுவை. 'பிராக்டிஸ் மோட்' என்று மாற்றிக்கொண்டால் எல்லாக் கணக்கும் திறந்துவிடும்.

மூன்றாவது வகை, உடைந்த கோடைச் சரிசெய்வது. ரஸ்ட் மொழிக்கு 'ரஸ்ட்லிங்ஸ்', ஜிக் மொழிக்கு 'ஜிக்லிங்ஸ்', பைத்தானுக்கும் ரூபிக்கும் 'கோவான்ஸ்'. சின்னச் சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று உடைந்திருக்கும் அல்லது விடுபட்டிருக்கும். வெற்றுத் திரை பயமுறுத்துபவர்களுக்கு இது நல்ல தொடக்கம், ஏனென்றால் பாதிக் கோடு ஏற்கெனவே இருக்கிறது.

யோசிக்கும் பழக்கம் போனவர்களுக்கு

எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்தும் அட்வென்ட் ஆஃப் கோட். டிசம்பர் 1 முதல் 25 வரை தினம் ஒரு புதிர் வந்துகொண்டிருந்தது. 2025-இல் பன்னிரண்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள். நம் ஊர் நேரப்படி காலை பத்தரைக்குப் புதிர் திறக்கும். டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பழைய ஆண்டுகள் எல்லாம் எப்போதும் திறந்தே இருக்கின்றன. எந்த மொழியிலும் எழுதலாம். தளத்துக்கு விடை மட்டும் கொடுத்தால் போதும், நம் கோடை யாரும் கேட்பதில்லை.

2015-இன் முதல் நாள் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரு வரி முழுக்க அடைப்புக்குறிகள். திறக்கும் குறி வந்தால் ஒரு மாடி மேலே, மூடும் குறி வந்தால் ஒரு மாடி கீழே. கடைசியில் எந்த மாடியில் நிற்போம்? சிலர் லூப் போடுவார்கள். சிலர் திறக்கும் குறிகளை எண்ணி, மூடும் குறிகளை எண்ணி, கழித்துவிடுவார்கள், ஒரே வரி. இதற்கு விடை கொடுத்த பிறகுதான் இரண்டாம் பகுதி திறக்கும்: முதன்முதலில் தரைக்குக் கீழே போனது எத்தனையாவது குறியில்? எண்ணிக் கழித்தவரின் ஒரு வரி இப்போது உதவாது, லூப்புக்கு வந்தாக வேண்டும். லூப் போட்டவருக்கு ஒரு இஃப் சேர்த்தால் முடிந்தது, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்ற பழைய தகராறை மட்டும் கவனித்தால் சரி.

கிட்டத்தட்ட எல்லாப் புதிரும் இப்படி இரண்டு பகுதிதான். எழுதிய கோடுக்குப் புதிய தேவை வரும்போது அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று காட்டிவிடும். வேலையில் தினமும் நடப்பதும் இதுதானே. கிளையன்ட் இரண்டாம் பகுதியை வெள்ளிக்கிழமை மாலை அனுப்புவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசம்பர் முற்பாதிப் புதிர்கள் எளிது. போகப் போக ஏறும். டச் விட்டவர்கள் ஒரே ஆண்டை முழுதாக முடிக்க மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொரு ஆண்டிலும் முதல் ஏழெட்டு நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே மாதக்கணக்கில் ஓடும்.

புராஜெக்ட் ஆய்லர் இன்னொரு பிரபலமான இடம், 2001-இலிருந்து இருக்கிறது. முதல் கணக்கு: 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை. லூப் போட்டால் 233168 என்று வந்துவிடும். லூப்பே இல்லாமல், கூட்டுத்தொடர் சூத்திரத்தில் 3-இன் மடங்குகள், 5-இன் மடங்குகள் இரண்டையும் கூட்டி, இரண்டு முறை எண்ணப்பட்ட 15-இன் மடங்குகளைக் கழித்தாலும் அதே விடை. இந்த மாதிரி விஷயத்தில் ருசி உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்கள் முதல் இருபது முப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போகப் போக அது எண் கணிதப் பயிற்சியாகிவிடும், புரோகிராமிங் சின்னப் பங்குதான். வேலைக்குத் திரும்ப நினைப்பவர் அங்கே பகா எண்களோடு ஒரு மாதம் செலவழிப்பதில் பயனில்லை.

தனியாக உட்கார்ந்தால் ஓடாது, யாராவது கெடு வைத்தால்தான் நடக்கும் என்பவர்களுக்கு, ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல். சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ் பாடம் எட்டு வாரம். வாராவாரம் புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாடத்துக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம்.

நீங்களே உருவாக்கும் கணக்கு: தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போடுங்கள்

எல்லாத் தளத்திலும் 'பாலிண்ட்ரோம்' கணக்கு ஒன்று இருக்கும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்கைத் திருப்பி, பழையதோடு ஒப்பிட்டால் முடிந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு நிமிட வேலை. இதே புரோகிராமுக்கு 'விகடகவி' என்று கொடுத்துப் பாருங்கள். இல்லை என்று சொல்லும்!

ஏன் என்று தோண்டுவதுதான் பயிற்சி. நம் கண்ணுக்கு வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் தரமான யூனிகோடில் 'வி' என்பது வ என்ற எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஆக மொத்தம் ஏழு. அதைத் திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து, தொற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தோடு தொங்கும். நீளத்தைக் கேட்டாலும் இதே கதைதான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நம் கணக்கில் 3 எழுத்து. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ சொல்வது 5. யூடிஎஃப்-8 ஃபைலாகச் சேமித்தால் 15 பைட்.

தீர்வு சின்னதுதான். ஸ்ட்ரிங்கை ஒவ்வொரு குறியாக நடந்து போங்கள். வந்தது துணைக்குறியோ புள்ளியோ என்றால், பட்டியலின் கடைசி உருப்படியோடு ஒட்டிவிடுங்கள். வேறு எதுவானாலும் புது உருப்படியாகச் சேருங்கள். பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவி தேறிவிடும். அப்புறம் 'தேரு வருதே' என்று கொடுங்கள், நடுவில் இருக்கும் இடைவெளி உதைக்கும். அதையும் சரிசெய்த பிறகு, 'லக்ஷ்மி'யில் க்ஷ என்பது ஒரு எழுத்தா இரண்டா என்று நீங்களே ஒரு முடிவெடுத்து, அதற்கு டெஸ்ட் எழுதுங்கள்.

இன்னும் ஒரு படி உண்டு. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டு 'கொடி'யும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். 'நார்மலைசேஷன்' என்பதைத் தேடிப் படிக்க அது போதுமான காரணம். எல்லாம் முடிந்தபின் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியின் மூலக்கோடைத் திறந்து, தமிழ் எழுத்துகளை அவர்கள் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று படியுங்கள். முதலிலேயே படித்தால் பயிற்சி போய்விடும்.

இதே மாதிரி வீட்டிலிருந்தே கணக்கு எடுக்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அடுக்குகளே மாறி, வேறு அட்டவணை வந்துவிடும். யூனிட்டைக் கொடுத்தால் தொகை சொல்லும் ஃபங்ஷன் எழுதுங்கள். விலை அடிக்கடி மாறும் என்பதால் அதைக் கோடுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையாக வையுங்கள். 0, 100, 101, 500, 501 ஐந்துக்கும் டெஸ்ட் எழுதுங்கள். வீட்டுப் பழைய பில்லை எடுத்து, அப்போது நடப்பிலிருந்த விலையைப் போட்டுச் சரிபார்க்கலாம். விடைப் பக்கம் அலமாரியிலேயே இருக்கிறது.

பிழை தேடுவதும் அடுத்தவர் கோடும்

வேலைக்குப் போனால் புதிதாக எழுதுவதைவிட, யாரோ எழுதியதைப் படித்து, உடைக்காமல் மாற்றுவதுதான் அதிகம். புதிர்த் தளங்கள் எதுவும் இதைச் சொல்லித்தருவதில்லை. இதற்கென்றே உள்ள பயிற்சி 'கில்டட் ரோஸ்'. டெரி ஹியூஸ் உருவாக்கியது. எமிலி பேச் அதைப் பல மொழிகளில், கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறார்.

ஒரு கடையின் சரக்குக் கணக்கு. நாளாக நாளாகச் சரக்கின் தரம் குறையும். பாலாடைக்கட்டிக்கோ வயதாக ஆகத் தரம் கூடும். எதுவும் 50-ஐத் தாண்டக் கூடாது, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகக் கூடாது. ஒரே ஒரு பொருள் மட்டும் எப்போதும் 80. இதையெல்லாம் இஃப்-க்குள் இஃப்-ஆகப் பின்னி ஒரே ஃபங்ஷனில் எழுதி வைத்திருப்பார்கள். நம் வேலை, புதிய ஒரு வகைச் சரக்கைச் சேர்ப்பது. அதன் தரம் இரண்டு மடங்கு வேகத்தில் குறையும்.

எடுத்தவுடன் அந்தச் சிக்கலுக்குள் இன்னொரு இஃப் செருகக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். முதலில் இப்போதைய கோடு என்ன விடை தருகிறதோ அதை அப்படியே டெஸ்டாக எழுதிப் பிடித்து வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துக்கொண்டே கோடை எளிதாக்குங்கள். புதிய சரக்கைச் சேர்ப்பது கடைசி வேலை. அதற்குள் அது ஐந்து வரியாகியிருக்கும். இரண்டு மூன்று மாலைகள் எடுக்கும் பயிற்சி, ஆனால் வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஐம்பது புதிர்களைவிட இது பயன்படும் என்பது என் கருத்து.

டிபக்கரைப் பயன்படுத்தவும் இங்கேயே பழகுங்கள். பிரேக்பாயின்ட் வைப்பது, வரி வரியாக நகர்வது, மாறிகளின் மதிப்பைப் பார்ப்பது, இவ்வளவுதான். எல்லா இடத்திலும் பிரிண்ட் போட்டுப் பார்க்கும் பழக்கம் தப்பில்லை. ஆனால் நாற்பது பிரிண்ட் வரிகளுக்கு நடுவில் பிழையைத் தேடும்போது டிபக்கரின் அருமை தெரியும்.

டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் மறந்தவர்களுக்கு வழி சுருக்கம். அடிப்படைக்கு எஸ்கியூஎல்போல்ட், அதற்கு மேல் பிஜி எக்ஸர்சைசஸ். பின்னதில் ஒரு கிளப்பின் உறுப்பினர், வசதிகள், முன்பதிவு என்று மூன்றே டேபிள்கள். சாதாரண செலக்டில் தொடங்கி ஜாயின், விண்டோ ஃபங்ஷன் வரை அந்த மூன்றை வைத்தே கொண்டுபோய்விடுவார்கள்.

இன்டர்வியூதான் இலக்கு என்றால்

இப்போது லீட்கோட். இன்டர்வியூவில் கேட்கும் வகைக் கேள்விகளுக்கு அதை அடிக்க ஆளில்லை. அதற்காக எடுத்துக்கொண்டால் நல்லது, டச் பிடிக்கவென்று எடுத்துக்கொண்டால் வீண் சோர்வு. மேலே சொன்னவற்றில் ஒரு மாதம் கை பழகிய பிறகு வாருங்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். 'பிளைண்ட் 75', 'நீட்கோட் 150' என்று தேர்ந்தெடுத்த பட்டியல்கள் இருக்கின்றன. வகை வகையாகப் போடுங்கள்: ஒரு வாரம் டிக்ஷனரி, ஒரு வாரம் இரண்டு பாயின்டர், ஒரு வாரம் ட்ரீ. லீட்கோடின் முதல் கணக்கான 'டூ சம்' நல்ல உதாரணம். 2, 7, 11, 15 என்ற பட்டியலில் எந்த இரண்டைக் கூட்டினால் 9? லூப்புக்குள் லூப் போட்டாலும் வரும். பார்த்த எண்களை டிக்ஷனரியில் போட்டுக்கொண்டே போனால் ஒரே நடையில் வரும். இந்தத் தாவலை உங்கள் வாயால் விளக்கத் தெரிகிறதா என்றுதான் எதிரில் இருப்பவர் பார்ப்பார்.

ஹேக்கர்ரேங்க் திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கியது. பல நிறுவனங்கள் முதல் சுற்றுத் தேர்வை அதில்தான் வைக்கின்றன. லீட்கோடில் ஃபங்ஷனை மட்டும் நிரப்பினால் போதும். இங்கே பல கணக்குகளில் இன்புட்டை நாமே வரி வரியாகப் படித்துப் பிரிக்க வேண்டும். லாஜிக் சரியாக இருந்தும் இன்புட் படிப்பதில் பதினைந்து நிமிடம் போய்விடுவது உண்டு. அதை மட்டும் இரண்டு மூன்று கணக்கில் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

கோட்செஃப், கோட்ஃபோர்சஸ் இரண்டும் போட்டிக் களங்கள். அந்த வேகமும் தரவரிசையும் பிடித்தவர்கள் போகலாம். வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு அவசியமில்லை.

போடும் விதம்

நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஒரு கணக்கில் அரை மணி நேரம் சிக்கிவிட்டால் விடையைப் பார்க்கலாம், தப்பில்லை. பார்த்தபின் மூடிவிட்டு மறுநாள் நினைவிலிருந்து எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. விடையைப் படித்து 'ஓ, இவ்வளவுதானா' என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தால் கையில் எதுவும் தங்காது.

எழுதியதையெல்லாம், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் ஒரு ரெபாசிட்டரி தொடங்கிப் போடுங்கள். கமிட், பிராஞ்ச், புஷ் எல்லாம் தானாகக் கைக்கு வரும். கமிட் செய்தியில் எங்கே சிக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்துப் படித்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறுவது தெரியும். எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போவது, காலிப் பட்டியலை மறப்பது, இப்படி ஆளுக்கொரு பலவீனம் இருக்கும். அடுத்த பயிற்சியை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ-யிடம் கேட்கலாமா? கேளுங்கள், ஆனால் விடையைக் கேட்காதீர்கள். "என் கோடு எந்த இன்புட்டுக்கு உடையும் என்று மட்டும் சொல்", "எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் கொடு", "நான் எழுதி முடித்ததை ரிவ்யூ செய்" என்று கேட்டால் நல்ல துணை. பயிற்சிக் கணக்கு உருவாக்கித் தரச் சொல்லியும் கேட்கலாம். அது தரும் எதிர்பார்ப்பு விடைகளை மட்டும் ஒரு முறை கையால் போட்டுச் சரிபாருங்கள், சில சமயம் தப்பாக இருக்கும். எடிட்டரில் தானாக வரியை முடித்துத் தரும் வசதியைப் பயிற்சி நேரத்தில் கண்டிப்பாக அணைத்து வையுங்கள். நாம் யோசிக்க வேண்டிய அந்த ஐந்து விநாடியில்தான் அது விடையைச் சாம்பல் எழுத்தில் காட்டும்.

எப்போது நிறுத்துவது

முதல் நாள் எழுதிய அந்தச் சொல் எண்ணும் புரோகிராமைப் பழைய ஃபைலைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்து, வந்த எர்ரர்களைப் படித்ததும் காரணம் புரிந்தால், பயிற்சித் தளங்களை மூடிவிடலாம். அதற்கு மேலும் கணக்கு போட்டுக்கொண்டே இருப்பது வேலையைத் தள்ளிப்போடும் நாசூக்கான வழி.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்னக் கருவியை நீங்களே திரும்ப எழுதுவது. யுனிக்ஸின் 'டபிள்யூசி' கட்டளை நல்ல தொடக்கம். ஃபைலில் எத்தனை வரி, எத்தனை சொல், எத்தனை பைட் என்று சொல்லும்; ஜான் கிரிக்கெட் நடத்தும் கோடிங் சேலஞ்சஸ் வரிசையில் முதல் சவாலும் அதுதான். உங்கள் விடையை உண்மையான கட்டளையின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், டெஸ்ட் தனியாக எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே தமிழ் எழுத்துகளைப் பிரிக்கும் ஃபங்ஷன் உங்களிடம் இருப்பதால், அந்தக் கட்டளையில் இல்லாத ஒரு வசதியையும் சேர்த்துவிடலாம்: ஃபைலில் எத்தனை தமிழ் எழுத்து. அதை ரீட்மீ ஃபைலோடும் டெஸ்டோடும் கிட்ஹப்பில் போட்டு வைத்தால், இடைவெளி ஏன் என்று இன்டர்வியூவில் கேட்கும்போது திறந்து காட்ட ஒரு கோடு இருக்கும். அப்புறம் நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஓப்பன் சோர்ஸ் கருவியின் பக்கத்தில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்கள் தொடங்க ஏற்ற வேலை) என்று குறித்திருப்பவற்றைப் பாருங்கள். கோடு மாற்றம்கூட வேண்டாம். ஓடாத ஒரு நிறுவல் குறிப்பைத் திருத்தி அனுப்புவதிலேயே ஃபோர்க், பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட், ரிவ்யூ என்று வேலையிடத்தின் முழுச் சுற்றும் ஒரு முறை ஓடிவிடும்.